புறங்கை

கேட்டைத் திறப்பதற்கு முன் அப்பாதுரை அதைப் புறங்கையால் ஒருமுறை தொட்டுப் பார்க்கிறார். வெயிலில் காய்ந்துகொண்டிருக்கும் சாதாரண இரும்பு கேட் அது. கரண்டுக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. இருந்தாலும் விரல்களை மடக்கி, வலது கையின் பின்பக்கத்தை லேசாக உரசி, ஒரு நொடி நின்று, அப்புறம்தான் கையைத் திருப்பிக் கொக்கியைப் பிடிக்கிறார். டீ தம்ளரும் அப்படித்தான். குழாயும் அப்படித்தான். எங்கள் வீட்டுப் பூனையைக்கூட முதலில் அப்படித் தொட்டுவிட்டுப் பிறகு தடவியதைப் பார்த்தேன்.

“உள்ளங்கையால தொட்டா கை மூடிக்கும் சார். புடிச்சுக்கினா விடாது. பின்கையால தொட்டா ஒதறித் தள்ளிடும். அவ்ளோதான் வித்தை” என்றார், நான் கேட்காமலேயே. பார்க்கிற எல்லோரும் கேட்டிருப்பார்கள் போல.

காஞ்சிபுரத்தில் அவர் லைன்மேன். ஐம்பத்து மூன்று வயது. வீடு செவிலிமேட்டில். காக்கிச் சட்டையின் முழுக்கையை எந்த வெயிலிலும் மடித்து விடமாட்டார். இடது கையில் இரண்டு விரல்கள் உள்பக்கமாக வளைந்து நின்றுவிட்டன. அந்த உள்ளங்கைத் தோல், ஆறிப்போன பால் ஆடை மாதிரி சுருங்கிப் பளபளக்கிறது. மஞ்சள் ஹெல்மெட்டின் முன்னால் ஒரு சிலுவை ஸ்டிக்கர், பாதி உரிந்தது. அந்த ஸ்டிக்கரைப் பார்த்ததுமே நான் உஷாராகிவிட்டேன். பத்தொன்பது வருஷமாக வெளிநாட்டில் இருக்கிறேன். ஊருக்கு வரும்போதெல்லாம், சாமியைப் பற்றி முதலில் பேசுகிறவர்கள் அடுத்து என்னிடம் எதையாவது கேட்பார்கள். எந்தச் சாமியாக இருந்தாலும் சரி.

அவர் சாமியைப் பற்றிப் பேசவில்லை. தேருக்கு மூன்று நாள் முன்னால் வந்து, ஜெனரேட்டரைப் பற்றிக் கேட்டார்.

எங்கள் தெருவில் இன்னமும் கம்பிகள் தலைக்கு மேலேதான் ஓடுகின்றன. வருஷத்துக்கு ஒருமுறை தேர் வரும்போது அவை வழிவிட வேண்டும். விடியற்காலையிலேயே டிரான்ஸ்பார்மரில் கரண்டை நிறுத்திவிடுவார்கள். ஒவ்வொரு வீட்டுக்கும் தெருவைக் குறுக்கே தாண்டிப் போகிற ஒயரைக் கம்பத்தில் கழற்றி, சுருட்டி, அந்தந்த வீட்டுச் சுவரில் உயரமாகக் கட்டிவைப்பார்கள். தேர் போனபின் ஒவ்வொன்றாகக் கம்பத்தில் சேர்ப்பார்கள். எங்கள் தெருவில் பன்னிரண்டு வருஷமாக இந்த வேலை அப்பாதுரைக்கு. சாமிக்கு முன்னால் ஏணியோடு போகிறவரும் அவர்தான், சாமி போனபின் ஏணியோடு திரும்பி வருகிறவரும் அவர்தான்.

இந்த வருஷம் எங்கள் வீட்டில் ஒரு சிக்கல். அப்பாவுக்கு நுரையீரல் பாதி வேலை செய்வதில்லை. மூக்கில் குழாய், கட்டிலுக்குப் பக்கத்தில் ஆக்ஸிஜன் மெஷின். அது கரண்டில் ஓடுவது. பத்து மணி நேரம் கரண்ட் இருக்காது என்று தெரிந்ததும் நான்தான் பதறிப்போய், ஜெயக்குமார் என்ற எலெக்ட்ரீஷியனைப் பிடித்து ஒரு பெட்ரோல் ஜெனரேட்டர் கொண்டுவந்தேன். அவர் ஒரு ஒயரின் இரண்டு முனையிலும் பிளக் வைத்து, ஒன்றை ஜெனரேட்டரிலும் மற்றதைக் கூடத்துச் சுவரிலும் குத்திக் காட்டினார். “வீடு பூரா கரண்டு இருக்கும் சார், ஐயாவுக்கு ஃபேன்கூட ஓடும்” என்றார்.

அப்பாதுரை அந்த ஒயரை வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றார்.

“இது வீட்டுக்குள்ள மட்டும் வராது சார். மெயின் போட்டிருந்தா வெளியிலயும் போவும். நான் கழட்டி வெச்சிருக்கேன் பாருங்க ஒயரு, அதோட நுனி வரைக்கும் போவும். நான் செத்த ஒயருன்னு நெனைச்சுக்கினு தொடுவேன்.”

“மெயினை ஆஃப் பண்ணிவிடுகிறேன்.”

“எது மெயின், காட்டுங்க.”

காட்டினேன்.

“ஆஃப் பண்ணுங்க.”

பண்ணினேன்.

“போடுங்க. மறுபடி ஆஃப் பண்ணுங்க.”

பள்ளிக்கூடத்துப் பிள்ளையைப் போல மூன்று முறை செய்தேன். ஒவ்வொரு முறையும் என் கையைப் பார்க்காமல் முகத்தைப் பார்த்தார். எனக்கு எரிச்சலாக இருந்தது. இத்தனை விசாரணைக்குப் பின்னால் ஏதோ எதிர்பார்ப்பு இருக்கிறது என்றும் தோன்றியது. அப்படி எதுவும் வரவில்லை. அதனால் சந்தேகம் இன்னும் கூடியது.

உள்ளே அப்பா விழித்திருந்தார். நெற்றியில் விபூதி, மூக்கில் குழாய். அவருக்கு அப்பாதுரையைச் சீண்டுவது வருஷாந்திரப் பழக்கமாம்.

“இன்னாபா, எங்க சாமிக்கு நீ வழி வுடற. உங்க சாமி கோச்சுக்கலியா?”

“கம்பி அறுந்து ஜனங்க மேல வுழுந்தாத்தான் கோச்சுக்குவாரு பெரியவரே.”

“தெரிஞ்சவன் மாதிரி பேசறான் பாரு” என்று அப்பா சிரித்து, இருமி, கையைக் காட்டி நிறுத்தச் சொன்னார்.

அப்போது என் அண்ணி இந்திராணி ஒரு காரியம் செய்தார். “அண்ணே, நீங்க ஒரு ஜெபம் பண்ணிட்டுப் போங்களேன் மாமாவுக்கு. எந்த சாமியா இருந்தா இன்னா” என்றார். நான் பல்லைக் கடித்தேன். இதோ ஆரம்பிக்கிறது என்று நினைத்தேன். அப்பாதுரை தலையை ஆட்டிவிட்டுக் கட்டில் பக்கம் போனார். குனிந்தார். கண்ணை மூடப்போகிறார் என்று பார்த்தால், ஆக்ஸிஜன் மெஷினின் பிளக்கை மடக்கிய விரல்களால் தொட்டார்.

“சூடாவுதுமா. உள்ள ஸ்க்ரூ லூசு. இப்டியே ஓடினா ஒரு நாள் உருகி நின்னுடும்.” பையிலிருந்து ஸ்க்ரூடிரைவரை எடுத்தார். மெஷின் நின்ற நேரத்துக்கு அப்பாவுக்கு, அவசரத்துக்கு வைத்திருந்த சின்ன ஆக்ஸிஜன் சிலிண்டரை மாற்றிக் கொடுக்கச் சொன்னார். ஐந்து நிமிஷத்தில் முறுக்கி, மாட்டி, ஓடவிட்டு, மறுபடி தொட்டுப் பார்த்து, “இப்ப ஜில்லுனு இருக்குது” என்றார். போய்விட்டார். ஜெபம் செய்யவே இல்லை. அண்ணிக்கு அதில் குறை ஒன்றும் இருந்ததாகத் தெரியவில்லை.

வாசலில் ஏணிக்குக் காவல் இருந்தவர் சபாபதி. அப்பாதுரைக்கு ஏணி பிடிக்கிறவர்; ஓய்வு பெற இரண்டு வருஷம் இருக்கிறது; வாயில் எப்போதும் வெற்றிலை. அவரிடம்தான் மிச்சத்தைக் கேட்டேன்.

“அவரு கதை ஊருக்கே தெரியும் சார். பதினாலு வருசம் முன்ன இவரும் கோதண்டபாணின்னு ஒருத்தரும் ஜோடி. மழைக்கு ஒயரு அறுந்து, சேக்கப் போனாங்க. ஏதோ ஒரு வூட்ல ஜெனரேட்டர் ஓடிக்கினு இருந்திச்சு. மேல இருந்தவரு அங்கயே போயிட்டாரு. இவரு இரும்பு ஏணியைப் புடிச்சுக்கினு இருந்தாரு, தூக்கிப் போட்டுடுச்சு. பொழைச்சுக்கினாரு. அதுலேந்து மூங்கில் ஏணிதான். நான்தான் தூக்கிக்கினு சாவறேன்.”

கோதண்டபாணியின் மனைவி எல்லம்மாளும் செவிலிமேட்டில்தான் இருக்கிறாராம், அப்பாதுரை வீட்டிலிருந்து நாலாவது வீடு. ஞாயிற்றுக்கிழமை சபை முடிந்ததும் அப்பாதுரை நேராக அங்கேதான் போவாராம். “நாலு சுச்சு இருக்குற வூடு சார். அதுக்கு வாராவாரம் இன்ஸ்பெக்சன். தொட்டுத் தொட்டுப் பாத்துட்டு, ஒரு வாய் தண்ணி குடிச்சுட்டு வந்துடுவாரு. அந்தம்மாவும் ஒண்ணும் சொல்லாது.”

சபை என்றால் தகரக் கூரையும் பிளாஸ்டிக் நாற்காலிகளும் உள்ள சின்னக் கட்டடம். அப்பாதுரை கடைசி வரிசையில், ஸ்விட்ச் போர்டுக்குப் பக்கத்தில் உட்காருவார். அவரைப் பாஸ்டர் பதினாலு வருஷமாகச் சாட்சி சொல்லக் கூப்பிடுகிறார். முன்னால் வந்து, மைக்கைப் பிடித்து, ஆண்டவர் என்னைச் சாவிலிருந்து காப்பாற்றினார் என்று சொல்ல வேண்டும். அவ்வளவுதான். இவர் போவதில்லை.

மறுநாள் பக்கத்து வீட்டு இன்வெர்ட்டரைப் பார்க்க வந்த அப்பாதுரையிடம் இதைக் கேட்டேன். ஒருவேளை அவர் நம்பிக்கை இல்லாதவராக இருக்கலாம்; ஸ்டிக்கர் வெறும் ஸ்டிக்கராக இருக்கலாம். அப்படி இருந்தால் எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும்.

“காப்பாத்தினாருன்னு நான் மைக்ல சொன்னா, எல்லம்மா காதுல வுழாதா சார்? நாலு வூடு தள்ளி. அப்போ அவனை ஏன் வுட்டாருன்னு அது கேக்காது. ஆனா நெனைக்கும் இல்ல?” கட்டிங் பிளேயரைத் துணியால் துடைத்துக்கொண்டே பேசினார். “சபைல ஒருத்தர் சொன்னாரு, அவன் வேத்து ஆளு, நீ நம்ம ஆளு, அதான்னு. அன்னிலேந்துதான் நான் கடைசி நாற்காலி.”

“பாஸ்டர் என்ன சொல்கிறார்?”

“பாஸ்டர் நல்லவரு. ஆனா என்னைப் பாத்தா அவருக்குக் கரண்டு ஞாபகம் வந்துடும். ‘கரண்டு கண்ணுக்குத் தெரியுதா? அதுபோல தேவன்’ம்பாரு. நான் ஒரு நாள் வெளிய வந்து சொல்லிட்டேன். பாஸ்டர், கரண்டுக்கு ஆள் தெரியாது, தொட்டா கொல்லும். அவரைப் போயி இதோட சேக்காதீங்கன்னு.”

“அப்போ உங்கள் ஆண்டவர் எங்கேதான் இருக்கிறார்?” என்று கேட்டேன். குதர்க்கமாகத்தான் கேட்டேன்.

அவர் கோபித்துக்கொள்ளவில்லை. “அன்னிலேந்து கை நடுங்குது சார். கீழ இருக்கும்போது இல்ல, மேல. டெஸ்டர் வெச்சுப் பாத்து, எரியலன்னு கண்ணால பாத்தப்புறமும் நடுங்கும். ‘இருக்கீங்களா’ன்னு கேப்பேன். பதிலு கிதிலு எதுவும் வராது. வந்தா பயந்துபோயி வுழுந்துடுவேன். ஆனா கேட்டுட்டு நிக்கறேன் பாருங்க, அப்ப நடுக்கம் நின்னுடும். நானா நிறுத்தறதில்ல. அவ்ளோதான் எனக்குத் தெரியும். இதைப் போயி மைக்ல இன்னான்னு சொல்றது?”

பயந்த மனம் ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டு மூச்சைச் சீராக்கும்; இதற்கு டாக்டர்களிடம் ஒரு பெயர் இருக்கும். அதைச் சொல்ல வாயெடுத்தேன். அவர் அதற்குள் ஏணியைப் பார்த்துப் போய்விட்டார்.

தேர் அன்று காலை ஐந்தரைக்குக் கரண்ட் போனது. நான் மெயினை ஆஃப் செய்தேன், ஜெனரேட்டரைப் போட்டேன், அப்பாவின் மெஷின் ஓடியது. வெளியே அப்பாதுரை கம்பம் கம்பமாக ஏறி ஒயரைக் கழற்றினார். ஒவ்வொரு கம்பத்திலும் அதே ஒழுங்கு. டெஸ்டர். புறங்கை. பிறகு யாரையும் பார்க்காமல், சாதாரணக் குரலில், “இருக்கீங்களா?” ஒரு சின்ன இடைவெளி. அதன் பிறகுதான் பிளேயர்.

“என்னைக் கேக்கறாருன்னு மொதல்ல ‘இருக்கேன் இருக்கேன்’னு கத்திக்கினு இருந்தேன் சார்” என்றார் சபாபதி. “ஒரு வருசம் கழிச்சுத்தான் யோசிச்சேன். என்னைன்னா இருக்கியான்னு தானே கேப்பாரு? நான் இன்னா அவரு மாமனாரா, மரியாதை குடுக்க?”

பதினோரு மணிக்குத் தேர் எங்கள் வீட்டைக் கடந்தது. குழாயை எவ்வளவு நீளம் இழுக்க முடியுமோ அவ்வளவு இழுத்து, அப்பாவை நாற்காலியில் வாசற்படி வரைக்கும் கொண்டுவந்தோம். அவர் கும்பிட்டார். கூட்டத்தோடு தேர் நகர்ந்தது. எதிர்ச் சுவர் நிழலில், ஹெல்மெட்டைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, அப்பாதுரை தேரைப் பார்க்காமல் அதன் உச்சிக்கும் மிச்சக் கம்பிக்கும் நடுவிலிருந்த வெற்றிடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். 

சேர்க்கும் வேலை மெதுவாகத்தான் நடக்கும். தெருக்கோடியிலிருந்து ஆரம்பித்து எங்கள் வீட்டுக்கு வர மூன்றரை ஆகிவிட்டது. அதற்குள் ஜெனரேட்டரில் பெட்ரோல் குறைந்திருந்தது. ஜெயக்குமார் போனை எடுக்கவில்லை. சின்ன சிலிண்டரும் தீரப்போகிறது என்று அதன் முள் சிவப்பைத் தொட்டுக்கொண்டிருந்தது. என் மண்டைக்குள் ஒரே கணக்கு: ஜெனரேட்டர் நின்று, கரண்டும் வராத அந்த நடு நேரத்தில் அப்பா என்ன செய்வார்? மெயின் போட்டிருந்தால் கரண்ட் வந்த அதே நொடியில் தானாக மெஷினுக்குப் போய்விடும். நான் ஓடிப்போய்ப் போட வேண்டியதில்லை. மூன்று மணி சுமாருக்கு மெயினைப் போட்டேன். அப்பாதுரை எதற்காக என்னை மூன்று முறை செய்யவைத்தார் என்பது என் கையின் ஞாபகத்தில் இல்லவே இல்லை.

எங்கள் சுவரில் ஏணி சாய்ந்தது. பாதி உயரத்திலிருந்து அவர் கேட்டார்.

“சார், மெயினு?”

“ஆஃப்தான்.”

வாய் சொல்லிவிட்டது. சொன்ன அதே மூச்சில் மெயின் போட்டிருப்பது ஞாபகம் வந்தது. போட்டிருக்கிறது என்று தெரிந்தால் இறங்கிவிடுவார், அடுத்த வீட்டுக்குப் போய்விடுவார், எங்களைக் கடைசியாக்கிவிடுவார் என்று ஒரு பயம். ஒரு நிமிஷம், உள்ளே ஓடி அணைத்துவிடலாம் என்று திரும்பினேன். நான் படி ஏறுவதற்குள் அவர் மேலே போய்விட்டிருந்தார்.

நான் கத்தியிருக்க வேண்டும். கத்தவில்லை. சுருட்டிக் கட்டியிருந்த ஒயரின் நுனியை அவர் தொடவில்லை. முதலில் டெஸ்டரை வைத்தார். வெயிலில் அந்தச் சின்ன வெளிச்சம் தெரியாது. கையைக் குவித்து நிழல் செய்து பார்த்தார்.

எரிந்தது.

இறங்கினார். சபாபதி “இன்னாச்சு?” என்றார். செருப்பை வாசலில் கழற்றிவிட்டு, என்னைத் தாண்டி, அப்பாவின் கட்டிலைத் தாண்டி, நேராக மெயினுக்குப் போனார். ஆஃப் செய்தார். ஃபியூஸ் கட்டையைப் பிடுங்கி எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். மெஷின் ஜெனரேட்டரில் ஓடிக்கொண்டே இருந்தது. அப்பாவின் மூச்சில் ஒரு மாற்றமும் இல்லை. திரும்பிப் போகும்போது அப்பாவிடம் மட்டும், “பத்து நிமிசம் பெரியவரே” என்றார்.

மறுபடி ஏறினார். டெஸ்டர். இப்போது எரியவில்லை. புறங்கையை ஒயருக்குப் பக்கத்தில் கொண்டுபோனார். கீழேயிருந்து பார்க்கும்போதே தெரிந்தது. மணிக்கட்டிலிருந்து விரல் நுனி வரைக்கும் அந்தக் கை ஆடியது. காலையில் நான் பார்த்த எந்தக் கம்பத்திலும் அப்படி ஆடவில்லை. சட்டைக் கைக்குள் முழங்கை வரைக்கும் நடுக்கம் ஏறுவது துணியில் தெரிந்தது.

“இருக்கீங்களா?”

சபாபதி மெல்லுவதை நிறுத்தினார். ஜெனரேட்டர் இரைச்சலுக்கு நடுவிலும் அந்த இடைவெளியை நான் கேட்டேன். நீளமான இடைவெளி. நான் நம்பவில்லை, இப்போதும் நம்புகிறேன் என்று சொல்லமாட்டேன். ஆனால் அவர் கையை விட்டு என் கண் நகரவில்லை. அது நின்றது. கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்து நிற்கவில்லை. ஓடுகிற பிள்ளையின் தோளில் யாரோ கை வைத்தது மாதிரி நின்றது. விரல்கள் ஒயரைத் தொட்டன, திரும்பின, பிடித்தன. அந்த நுனியை இழுத்துக்கொண்டு கம்பத்துக்குப் போய், முறுக்கிச் சேர்த்தார்.

மிச்சம் இரண்டே வீடுகள்தான் இருந்தன. ஜெனரேட்டரில் கடைசிச் சொட்டுகள் இருக்கும்போதே தெருவுக்குக் கரண்ட் வந்துவிட்டது. அவர் உள்ளே வந்து, ஜெனரேட்டர் பிளக்கைச் சுவரிலிருந்து உருவியபின், ஃபியூஸ் கட்டையைத் தானே மாட்டி, மெயினைத் தானே போட்டார். மெஷின் ஒரு கணம் நின்று, பீப் என்று கத்திவிட்டு மறுபடி ஓடியது. நான் அவ்வளவு பயந்த இடைவெளி அதுதான். அப்பா கண்ணைக்கூடத் திறக்கவில்லை.

அண்ணி டீ கொண்டுவந்தார். அவருக்கு நடந்தது தெரியாது. அப்பாதுரை தம்ளரைப் பின்கையால் தொட்டு, பிறகு எடுத்துக் குடித்தார். நான் மன்னிப்புக் கேட்டேன். எழுத்துத் தமிழில், முழு வாக்கியங்களாகக் கேட்டேன்; அப்படித்தான் வந்தது.

அவர் தம்ளரைக் கீழே வைத்தார்.

“அன்னிக்கும் அந்த வூட்டுக்காரரு ஆஃப்தான்னு சொன்னாரு சார். அவருக்கும் ஏதோ அவசரம் இருந்திருக்கும். மேல கோதண்டபாணி கேட்டான், இன்னாடா சொல்றாருன்னு. கீழேந்து பதில் சொன்னது யாரு தெரியுமா? நான்தான். ‘ஆஃப்தாண்டா, தொடு’ன்னேன்.”

அடுத்த அறையில் மெஷின் ஓடும் சத்தம். சபாபதி வெளியிலிருந்து, “யோவ், ஏணி தூக்க ஆள் இல்லியா, நான் ஒருத்தனே சாவணுமா?” என்று குரல் கொடுத்தார்.

அப்பாதுரை ஹெல்மெட்டை எடுத்துக்கொண்டு எழுந்தார். வாசலில் நான் கையை நீட்டினேன். அவர் அதைப் பார்த்தார். என் முகத்தைப் பார்த்தார். பிறகு விரல்களை மடக்கி, வலது கையின் பின்பக்கத்தை என் உள்ளங்கையில் லேசாக உரசி, ஒரு நொடி அப்படியே நின்றார். அப்புறம் கையைத் திருப்பி, இறுகப் பிடித்தார்.